ஆறாவது கீறல்

வேண்டாம். அந்த வேனைத் தொடாதே. ஒரு புள்ளியைக்கூட.

நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறாய், தெரியும். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து வருகிறாய். கல்யாணச் சாமான் ஏற்றுவதற்காக யமுனா அப்பாவின் வேன் இரண்டு நாள் நம் வாசலில் நிற்கப்போகிறது. அவருக்குச் சொல்லாமல் அதிலுள்ள கீறல்களையெல்லாம் எடுத்துவிட்டு, கல்யாணத்தன்று காலையில் புதுசு மாதிரிக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வட்ஸ்அப்பில் உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். பின்னால் யாரோ பொலிஷ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், போகிற போக்கில் உன் வருங்கால மாமனாரைப் பற்றி இன்னொன்றும் கேட்டாய்: "மாமாவுக்கு உங்க மேல மட்டும் என்னம்மா கோபம்?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதைப் போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை உன் எண்ணை எடுத்தேன். வைத்துவிட்டேன். எனக்கு என்னைத் தெரியும். போனில் சொன்னால் அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கிவிடுவேன். நீ சிரிப்பாய். நானும் சிரித்துவிடுவேன். பன்னிரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது எதிரில் சிரிக்க ஆள் இல்லை.

டபள் கெப் கதை உனக்குத் தெரியும். ஒரு தேயிலைத் தோட்டத்து மேனேஜர் துரையின் வண்டியில் கீறல்களுக்குப் பெயின்ட் வைத்து அம்மா டச் அப் செய்தாள். பிறகு எங்கே செய்தாய், காட்டு என்று கேட்டார்கள். அம்மாவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவுதான். மூன்று வரி. கேட்கிறவர் சிரிப்பார், பிறகு சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போவார். பதுளையில் நான் சொன்னேன். இப்போது கொழும்பில் நீ சொல்கிறாய். நீ திரும்பி வந்து தொடங்கப்போகிற டச் அப் கடைக்குப் போடவிருக்கும் போர்டில்கூட அதிலிருந்துதான் ஒரு வரி: கீறல் இருந்த இடமே தெரியாது.

அந்தக் கதையில் ஒரு டிரைவர் இருந்தார். நான் அவரைச் சொல்வதில்லை. அவர் பெயர் கதிர்வேல். யமுனாவின் அப்பா.

இப்போது நிச்சயதார்த்தத்தை ஒரு முறை நினைத்துப் பார். பந்தியில் நீ அவருக்குப் பக்கத்தில் இருந்தாய். மாமனாரிடம் நல்ல பெயர் வாங்கவேண்டும் என்று தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். நான் எதிர் வரிசையில். உன் வாயிலிருந்து "எங்கம்மா ஒரு தடவ ஒரு தொரை வண்டிக்கி" என்று வந்ததும் பாயசக் கரண்டியோடு நிமிர்ந்தேன். உனக்குக் கண்ணைக் காட்டினேன். நீ என்னைப் பார்க்கவில்லை. முழுக்கச் சொன்னாய். கைகளையெல்லாம் ஆட்டிச் சொன்னாய்.

"அப்புறம்?" என்று கேட்டார் அவர்.

"அப்புறம் என்ன மாமா, தொரையே அசந்துபோயிட்டாரு."

துரை அசந்துபோன பகுதி நான் பிற்காலத்தில் சேர்த்தது.

"ஓகோ. வண்டிய ஓட்டுனது யாரு?"

"தெரியல மாமா. யாரோ ஒரு டிரைவர்."

அவர் பாதி கடித்த லட்டை இலையில் வைத்தார். தண்ணீர் குடித்தார். உன் அப்பாவிடம் திரும்பி, இந்த வருடம் மழை எப்படி என்று கேட்டார். அந்த மனிதரின் பெருந்தன்மை அவ்வளவு. நான் அன்று முழுவதும் பந்தல் காலையும் வாழைமரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். புறப்படும்போது அவருடைய வேன் வாசலில் நின்றது. என் கை தானாகவே அதன் கதவுப் பக்கம் போயிற்று. பழக்கம். வண்டி என்று எது நின்றாலும் போகும். பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அது அப்படியே இருக்கட்டுங்க மிஸ்."

பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

நான் இந்த வேலைக்கு வந்ததே ஒரு காத்திருப்பில்தான். பல்கலைக்கழகத்தில் தமிழும் ஓவியமும் படித்துவிட்டு வந்து, அரசாங்கத்தின் பட்டதாரி நியமனத்துக்குக் காத்திருந்தேன். காத்திருந்த இடம் என் அண்ணனின் கராஜ். அவன் நசுங்கிய தகட்டை நிமிர்த்துவான், முழுக் கதவுக்கும் முழு பொனட்டுக்கும் ஸ்ப்ரே அடிப்பான். கல் தெறித்த ஒரு பொட்டுக்காக பொனட் முழுவதையும் ஏன் அடிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "அப்ப நீ செய்யேன், பி.ஏ.," என்றான். செய்தேன். கடைகளுக்கு போர்டு எழுதுகிற ஒருவரிடமிருந்து பேனா அளவு ஏர்பிரஷ் ஒன்றைப் பழசாக வாங்கினேன். நியமனம் வரவில்லை. வண்டிகள் வந்தன. ஆட்டோக்காரர்கள் 'பெயின்ட் மிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கழுவு, எண்ணெய்ப் பிசுக்கை எடு, கீறலின் ஓரத்தைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் மெல்ல இறக்கு, பிரைமர், நிறம், மேலே பளபளப்புக்குக் கிளியர், காயவிடு, தேய். எனக்குத் தெரிந்தது இவ்வளவே. நீ இதை இப்போது எனக்கே சொல்லிக்கொடுப்பாய்.

இந்தக் கதை நடந்த சமயத்தில், பன்னிரண்டு வருடத்துக்கு முன், கதிர்வேல் பசறைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் துரையின் பங்களா டிரைவர். வண்டியைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். டச் அப்புக்கு வருகிறவர்களில் அப்படிக் கழுவிக் கொண்டுவந்த ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வெள்ளி நிற டபள் கெப், பின்னால் திறந்த தட்டு வைத்தது. பொனட்டில் ஒரு கல்லடி. துருப் பிடிக்கும் முன் அதை மூடிக்கொண்டு வா என்று துரை அனுப்பியிருந்தார்.

"இது மட்டுந்தாங்க மிஸ். நான் டயர் கடைக்கிப் போயிட்டு சாயங்காலம் வாறேன்."

"இது மட்டுமா? பின்கதவுல ஒரு சாண் நீளத்துக்கு இருக்கே?"

"அது பழசுங்க. முந்தின தொரை காலத்துது. அது கெடக்கட்டும்."

கிடக்கட்டும் என்றார். தெளிவாகச் சொன்னார். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

வெள்ளி நிறத்தைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அதற்குள் இருக்கும் துகள் எந்தப் பக்கம் படுக்கிறதோ அதற்கேற்ப நிறம் மாறும். நேராக நின்றால் சரியாக இருக்கும். இரண்டடி தள்ளி நின்றால் சாம்பல். அன்று எனக்குக் கலவை அச்சு அசலாக விழுந்தது. அப்படி விழுவது வருடத்துக்கு ஒரு முறை. பொனட் வேலை பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. கிண்ணத்தில் நிறம் மிச்சம் இருந்தது. வெயிலும் இருந்தது. பெற்றோல் மூடியருகே ஒரு சின்னக் கீறல். அதை எடுத்தேன். பின் பம்பரில் இரண்டு. எடுத்தேன். பக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒன்று. கடைசியில் அந்தக் கதவு. அண்ணனின் சூட்டு விளக்கை வைத்து ஒவ்வொன்றாகக் காயவைத்தேன். மத்தியானச் சோற்றை மறந்துபோனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்த நாட்கள் குறைவு. அதுவும் உண்மை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் கதிர்வேல் வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். இன்னொரு முறை நடந்தார்.

"என்னங்க மிஸ் இது?"

"சும்மா செஞ்சேன். அதுக்குக் காசு வேணாம்."

"ஐயோ, காசுக்குச் சொல்லலீங்க…" என்று நிறுத்திவிட்டார். நன்றி சொல்லத் தெரியாமல் திணறுகிறார் என்று நினைத்தேன்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். தோட்டத்தில் ஒரு துரை போய் இன்னொரு துரை வரும்போது எல்லாவற்றையும் தாளில் எழுதி ஒப்படைப்பார்கள். நாற்காலி, கரண்டி, திரைச்சீலை, வண்டி. வண்டியில் எந்த இடத்தில் எத்தனை கீறல் என்பதுவரை. போகிறவர் கையெழுத்து, வருகிறவர் கையெழுத்து. அந்த டபள் கெப்பின் தாளில், பிறகு விழுந்த கல்லடியையும் சேர்த்து, ஆறு இடம் எழுதியிருந்தது. புதுத் துரை வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வண்டி திரும்பியதும் தாளோடு பார்த்திருக்கிறார். ஒரு கீறல் கூடியிருந்தால் டிரைவரை ஏசிவிட்டு விட்டிருப்பார். எல்லாமே காணாமல் போயிருந்தால் என்ன நினைப்பார்? எங்கோ மோதியிருக்கிறான். பக்கம் முழுவதும் பெயின்ட் அடித்துச் சொல்லாமல் மறைத்திருக்கிறான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கதிர்வேல் கராஜுக்கு வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னார். "நீங்க வந்து எங்கெங்க செஞ்சீங்கன்னு காட்டிட்டா போதுங்க மிஸ். முடிஞ்சிரும்." நானும் உடனே கிளம்பினேன். போகும் வழியெல்லாம் அவர் பயந்த மாதிரியே இல்லை. என்னைத்தான் கிண்டல் செய்துகொண்டு வந்தார். "இனிமே ஒங்ககிட்ட வண்டி குடுத்தா, மேல ஒரு போர்வையப் போட்டுத்தான் குடுப்பேன். கல்லடி பட்ட எடத்துல மட்டும் ஒரு ஓட்டை வெட்டி வைப்பேன். அதுக்குள்ள மட்டும் கைய விடுங்க." பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

பங்களா வாசலில் வண்டி நின்றது. துரை தேநீர்க் கோப்பையோடு படியில் நின்றார். அதிகம் பேசாத மனிதர். கேள்விகளைக் கேட்டது தோட்டத்துப் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடி, கையில் அந்தத் தாள்.

"ஓம், துவங்குங்கோ பிள்ளை. முதலாவது, பொனட்."

நல்ல டச் அப்பை நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்ந்து, வெளிச்சம் வழுக்குகிற கோணத்தில் பார்க்கவேண்டும். அப்போதும் செய்த ஆளுக்குத்தான் தெரியும், ஓரத்தில் ஒரு மெல்லிய விளிம்பு. காட்டினேன். துரை இறங்கி வந்து குனிந்து பார்த்துத் தலையாட்டினார். பெற்றோல் மூடி. தலையாட்டினார். பம்பர் இரண்டு. கண்ணாடிக்குக் கீழே. ஐந்து முடிந்தது. தள்ளி நின்ற கதிர்வேல் ஒவ்வொன்றுக்கும் தானும் சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆறாவது, இடது பின்கதவு. ஒரு சாண் கீறல் எண்டு கிடக்கு."

குனிந்தேன். முழங்காலில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கமிருந்து பார்த்தேன், அந்தப் பக்கமிருந்து பார்த்தேன். கன்னத்தைக் கதவில் வைத்துப் பார்த்தேன். பெருவிரலால் தடவினேன். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது, வெளிச்சம் தட்டையாகிக்கொண்டு வந்தது. கதவு கதவாக இருந்தது.

"எங்கை?"

"இங்கதாங்க. இந்த உயரத்துல."

"அந்த இடத்தைத்தான் கேக்கிறன். விரலை வைச்சுக் காட்டுங்கோ."

"தெரியல."

"செய்தது நீங்கள்தானே?"

"நான்தான்."

"பிறகேன் பிள்ளை தெரியேல்லை?"

அப்போது நான் சிரித்தேன்.

தம்பி, இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு தாள். அது பயத்தில் வந்த சிரிப்பு இல்லை. பதில் இல்லாமல் அசடு வழிந்ததும் இல்லை. சந்தோஷம். என் வேலையை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. பல் அத்தனையும் தெரியச் சிரித்தேன். நிமிர்ந்தபோது கதிர்வேல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரையும் பார்த்தார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டிக்கொண்டாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். சத்தம் போடவில்லை. கையை மட்டும் நீட்டினார். கதிர்வேல் சாவியைக் கொடுத்தார்.

நாளைக் காலை ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு வா, மலையில் கூலி வேலை தருகிறோம் என்றார்களாம். அவர் போகவில்லை. கொழும்புக்குப் போய் யாருடையதோ ஒரு லொறியை ஓட்டினார். மூன்று வருடம். யமுனாவைத் தெமோதரையில் சித்தி வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார்கள். அவளுடைய அம்மா லயத்தில் தனியாக இருந்தார். "அப்பா லொறி ஓட்டின காலம்" என்று யமுனா சொல்வாளே, அந்தக் காலம். ஏன் போனார் என்று அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அவர் சொல்லியிருக்கமாட்டார்.

நான் என்ன செய்திருக்கலாம் என்று நீ கேட்பாய். அடுத்த வெயில் நாளில் மறுபடி போயிருக்கலாம். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஒரு கதவு முழுவதும் ஸ்ப்ரே அடித்ததா இல்லையா என்று கண்ணாடி ரப்பரின் ஓரத்தைப் பார்த்தே அவன் சொல்லிவிடுவான். பெயின்ட்டின் கனத்தை எண்ணில் காட்டும் ஒரு சின்னக் கருவி இப்போது உன்னிடம் இருக்கிறது. அதுகூடத் தேவையில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு நானே எனக்குப் பல காரணங்கள் சொல்லிவைத்திருந்தேன். வேலை அதிகம். உனக்குப் பரீட்சை. துரை கேட்கமாட்டார். உண்மை வேறு. நல்ல வெளிச்சத்தில் போய்ப் பார்த்தால் ஆறாவது தெரிந்துவிடுமோ, என் கைவேலையின் பெருமை போய்விடுமோ என்று இருந்தது.

அன்று பின்னேரமே அண்ணனிடம் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் ஒரு வாடிக்கையாளரிடம் அவனே சொன்னான். அடுத்த வாரம் நான் சொன்னேன். முதலில் கதையில் டிரைவர் இருந்தார், "பாவம், அவருக்குத்தான் கஷ்டமாப் போச்சி" என்று ஒரு வரி. அந்த வரி வந்ததும் ஆட்கள் சிரிப்பதை நிறுத்திவிடுவதைக் கவனித்தேன். எடுத்துவிட்டேன்.

கை சும்மா இருக்காது என்பது எனக்கு ஒரு வியாதி. உன் அப்பாவைக் கேள். எங்கள் கல்யாணப் படத்தைச் சட்டம் போட எடுத்தபோது அவர் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு தெரிந்தது. ஏதோ தூசி என்று ஒரு மயிரிழைத் தூரிகையால் அழகாக மூடிவிட்டேன். சட்டம் போட்டு மாட்டியபிறகு அவர் நின்று பார்த்தார். "இது யாரு? என் தம்பியா?" என்றார். மச்சம். மூன்று மாதம் கூடவே வாழ்ந்தும் நான் அதைக் கவனித்திருக்கவில்லை. இன்றைக்கும் விருந்தாளி யாராவது வந்தால் அந்தப் படத்தின் கீழே கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார்: "ஒரிஜினல் இங்க இருக்கு." அதற்கு எல்லோரும் சிரிக்கலாம். உன்னுடைய ஏழாம் வகுப்பு பஸ் படத்துக்குச் சிரிக்க முடியாது. நீ வரைந்து வைத்துவிட்டுப் படுத்தாய். சக்கரம் கோணலாக இருந்தது. நான் நேராக்கினேன். ஜன்னலுக்குள் நாலு முகம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு கொடுத்தார்கள். நீ அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாய். "உங்களுக்குத்தான் கெடைச்சிருக்கு" என்றாய். அதற்குப் பிறகு நீ படம் வரைந்து நான் பார்த்ததில்லை. வண்டிக் கதவில் வரைய வந்துவிட்டாய், அது வேறு.

ஆகவே உன் கடையைப் பற்றி. பெரிய விஷயமாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. வண்டி வந்ததும் வேலையைத் தொடங்காதே. சொந்தக்காரரோடு சேர்ந்து வண்டியைச் சுற்றி நட. அவர் எதைக் காட்டுகிறாரோ அதில் மட்டும் ஒரு துண்டு டேப் ஒட்டு. டேப் இல்லாத இடம் உனக்கு இல்லை. அது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் இல்லை. படம் எடு, முன்னாலும் பின்னாலும். தூரிகை வேலை கை எட்டும் தூரத்தில் நின்றால் தெரியும் என்று முதலிலேயே சொல். அப்படிச் சொன்னால் வராத ஆள் பிறகு சண்டைக்கு வருகிற ஆள். நிறத்தை வண்டிச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் நிறக் குறியீட்டு எண்ணை மட்டும் நம்பிக் கலக்காதே, பத்து வருட வெயில் அந்த எண்ணில் எழுதப்பட்டிருக்காது. கொழும்பில் உனக்கு மூடுபனி இல்லை. இங்கே பனி ஏறுகிற நேரத்தில் கிளியர் அடித்தால் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும், உன் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள். போர்டில் அந்த வரியைப் போடாதே. வேறு என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. 'டச் அப் செய்யப்படும்' என்று போடு. போதும்.

மாமாவின் வேனைப் பற்றி. அதில் எத்தனை கீறல் இருக்கிறது என்று நீ எண்ணியிருப்பாய். நானும் எண்ணினேன், பொய் சொல்லமாட்டேன். ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். அந்த வேன் அவருடையது, அதைப் பற்றி யாருக்கும் அவர் தாள் காட்டவேண்டியதில்லை. நீ ஆசையாகச் செய்வாய். அவர் காலையில் வந்து வண்டியைச் சுற்றி ஒரு முறை நடப்பார். இன்னொரு முறை நடப்பார். நீ பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாய், என் பல்வரிசையோடு. உனக்கு என் பல்வரிசை.

கல்யாணப் பந்தலில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவேண்டும். நீங்கள் இருவரும் காலில் விழும்போது ஒன்றாகக் குனிந்து ஆசீர்வதிக்கவேண்டும். பிறகு பேரப்பிள்ளை, பெயர் வைப்பது, தீபாவளி. இவ்வளவுக்கும் அவர் மழையைப் பற்றிப் பேசிச் சமாளிப்பார், பேச்சுக்கு அவரிடம் குறைவில்லை. எனக்குத்தான் முடியாது. ஆகவே இதைத் தபாலில் போடுவதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

போய் வந்தேன். பசறையில் அவர்கள் வீட்டு வாசலில் அவர் ஹோஸ் பிடித்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். யமுனாவின் அம்மா படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க மிஸ். பத்திரிகையா? அதான் குடுத்துட்டீங்களே," என்றார் கதிர்வேல், வேனைப் பார்த்துக்கொண்டு.

"பத்திரிகை இல்லீங்க. அன்னைக்கி பங்களாவுல நான் சிரிச்சேன்."

தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் அடுக்கிவைத்துக்கொண்டு போனது எல்லாம் கலைந்துவிட்டது. வந்த மாதிரிச் சொன்னேன். "ஒங்க வேல போற நேரத்துல என் வேலைய நெனச்சி சிரிச்சேன். மறுபடி வந்து காட்டியிருக்கலாம், வரல. அதையே கதையாச் சொல்லி ஊர்ல பேரு வாங்கினேன். அதுல ஒங்கள விட்டுட்டேன்."

"ஓ, அந்தச் சிரிப்பா!" என்றார் யமுனாவின் அம்மா. கீரையைக் கீழே வைத்துவிட்டார். "இவரு அத நடிச்சிக் காட்டுவாரே. ஏங்க, காட்டுங்களேன்."

"போடி அங்கிட்டு."

"வருசக் கணக்கா எனக்குக் காட்டுனீங்க. அவங்களுக்குக் காட்டுனா என்ன?"

அவர் ஹோஸைக் கீழே போட்டார். வேன் கதவருகே முழங்காலில் உட்கார்ந்தார். ஒரு கன்னத்தை வைத்தார், மறு கன்னத்தை வைத்தார். பெருவிரலால் தடவினார். பிறகு மெல்ல எழுந்து, கழுத்தை நீட்டி, முப்பத்திரண்டு பல்லையும் காட்டினார். நான்தான். சேலைத் தலைப்பை இழுத்துவிடுவதுகூட. யமுனாவின் அம்மா படியிலேயே சரிந்துவிட்டார். நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நானும் சிரித்தேன்.

பிறகு அவர் நிறுத்தினார்.

"சிரிச்சாச்சி, சரியாப்போச்சின்னு நெனக்காதீங்க மிஸ்."

"நெனக்கலீங்க."

"அந்த வேல போனதாலதான் சொந்தமா வேன் வாங்குனேன்னு ஊர்ல சொல்லுவாங்க. அதுக்காக ஒங்களுக்கு நன்றின்னு நான் சொல்லமாட்டேன். எம்புள்ள அங்கிட்டு இருந்த மூணு வருசத்த யாரும் எனக்குத் திருப்பித் தரப்போறதில்ல."

"ஆமாங்க."

"இவ்வளவு நாளு ஏன் வரல?"

"பயந்துக்கிட்டு."

"ம்." ஹோஸை எடுத்து வேனின் மேலே பிடித்தார். "மாப்பிள்ளைக்கிட்ட சொல்லுங்க. நல்லாத்தான் கத சொல்றாரு. அடுத்த தடவ சொல்லும்போது டிரைவரு பேரச் சொல்லச் சொல்லுங்க. யாரோ ஒரு டிரைவராம்ல."

சொல்லிவிட்டேன். யமுனாவுக்கு அவரே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார், அதை அவரிடமே விடு.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் குழாயை மூடிவிட்டு ஒரு துணியை என் பக்கம் எறிந்தார். "சும்மா நிக்கிறீங்களே. அந்தப் பக்கத்தத் தொடைங்க. தண்ணி காஞ்சா புள்ளி விழும்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

வலது பக்கத்தை அவர் துடைத்தார். இடது பக்கத்தை நான் துடைத்தேன். அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. அதன்மேலும் துடைத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் பதுளைக்கு வந்தேன்.